நின்ற கடிகாரமும் நகரும் காலமும்: 'மெசோன் இக்கோகு' மங்காவில் கைம்மை, தாமதம், நகைச்சுவை (1980–1987)

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானியப் படக்கதையாசிரியர் ருமிக்கோ தகாஹாஷி 1980 முதல் 1987 வரை 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' இதழில் தொடராக எழுதி வரைந்த 'மெசோன் இக்கோகு' காதல் நகைச்சுவை மங்கா வகையின் வரலாற்றில் ஒரு திருப்பமாக மதிக்கப்படுகிறது. கணவனை இழந்த இளம்பெண் ஒருத்திக்கும் கல்லூரி நுழைவுத்தேர்வில் தோற்ற இளைஞன் ஒருவனுக்கும் இடையே மிக மெதுவாக வளரும் காதலே இதன் கதை. இவ்வகைக் கதைகளின் பொது உத்தியான 'தாமதம்' இப்படைப்பில் வெறும் தொடர்கதை உத்தியாக நில்லாமல் துக்கத்திற்கு உரிய கால அளவாக மாறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. படைப்பு வெளிவந்த இதழியல் சூழல், ஜப்பானியக் குடும்பச் சட்டத்தில் கைம்பெண்ணின் நிலை, பாத்திர அமைப்பு, கதைகூறும் முறை ஆகியவற்றின் வழியே அக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மங்கா, காதல் நகைச்சுவை, ருமிக்கோ தகாஹாஷி, கைம்மை, ஜப்பானியக் குடும்பச் சட்டம், தொடர்கதை.

முன்னுரை

காதல் நகைச்சுவைக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. காதலர் இருவரும் தம் உள்ளத்தை ஒருவருக்கொருவர் தெரிவித்துவிட்டால் கதை முடிந்துவிடும்; தெரிவிக்காமலே இருந்தால் படிப்பவர் சலிப்படைவர். வார இதழிலோ மாத இதழிலோ ஆண்டுக்கணக்கில் வெளிவரும் தொடருக்கு இச்சிக்கல் மேலும் கடுமையானது. ஆகவே தவறான புரிதல், குறுக்கிடும் மூன்றாமவர், தவறிப்போகும் சந்திப்பு, பாதியில் நிற்கும் பேச்சு முதலிய தடைகளை ஆசிரியர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்கின்றனர். இத்தடைகளுக்குப் பாத்திரங்களின் உள்ளத்தில் வேர் இல்லாதபோது அவை செயற்கையாகத் தோன்றுகின்றன. இவ்வகையின் பெரும்பாலான படைப்புகள் விரைவில் மறக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

'மெசோன் இக்கோகு' இத்தடைகள் அனைத்தையும் கையாள்கிறது. ஆயினும் அவற்றுக்கெல்லாம் அடியில் உண்மையான ஒரு தடையை வைத்திருக்கிறது. நாயகி க்யோகோ தன் இறந்த கணவனை இன்னும் நேசிக்கிறாள். புதிதாக ஒருவனை நேசித்தால், முன்பு கொண்ட நேசம் பொய்யாகிவிடுமோ என்று அஞ்சுகிறாள். இந்த அச்சத்தை எந்த வேடிக்கையாலும் விரைவாகக் கடந்துவிட முடியாது. நகைச்சுவை வடிவம் இந்த அச்சத்தை எவ்வாறு தாங்கி நிற்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

1. காதல் நகைச்சுவை மங்காவின் தோற்றமும் இதழ்ச் சூழலும்

1970களில் காதல் பெரும்பாலும் சிறுமியருக்கான 'ஷோஜோ' இதழ்களின் பொருளாக இருந்தது. சிறுவருக்கான 'ஷோனென்' இதழ்களில் விளையாட்டு, சாகசம், சண்டை ஆகியவையே மேலோங்கின. பத்தாண்டின் இறுதியில் இந்த எல்லை தளர்ந்தது. 1978இல் யானகிசாவா கிமியோவின் 'தோண்டா கப்புரு' வாராந்தர 'ஷோனென் மகஸின்' இதழில் தொடங்கியது. அதே ஆண்டு தகாஹாஷியின் 'உருசெய் யாத்சுரா' வாராந்தர 'ஷோனென் சண்டே' இதழில் வெளிவரத் தொடங்கியது. அதாச்சி மித்சுருவின் 'மியுகி' 1980இலும் 'டச்' 1981இலும் தொடர்ந்தன. ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஜப்பானியர் 'ரபுகொமே' என்று அழைத்த வகை இவ்வாறு நிலைபெற்றது.

இளைஞருக்கான 'செய்னென்' இதழ்களின் மரபு வேறு. அங்கே வறுமையும் நகர்ப்புறத் தனிமையும் முன்பே பேசப்பட்டிருந்தன. மத்சுமோட்டோ லெய்ஜியின் 'ஒத்தோகோ ஒய்தோன்' (1971–1973) சிறுவர் இதழில் வந்ததாயினும், நாலரைப் பாய் அளவுள்ள சிற்றறையில் தங்கிக் காலந்தள்ளும் இளைஞனின் வாழ்வையே காட்டியது. கமிமுரா கசுவோவின் 'தோசெய் ஜிதாய்' (1972–1973) மணமாகாமலே ஒன்றாக வாழும் இணையரின் கசப்பான வாழ்வைப் பாடுபொருளாக்கியது. மலிவான வாடகை அறை, தோற்ற இளைஞன், நகரத்தின் விளிம்பு என்னும் கூறுகளை 'மெசோன் இக்கோகு' இம்மரபிலிருந்து பெற்றது. நகைச்சுவையின் வேகத்தை ஷோனென் இதழ்களிலிருந்து பெற்றது.

ஷோகாக்குகான் நிறுவனம் 1980 இலையுதிர்காலத்தில் தொடங்கிய 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' இந்த இணைப்புக்கு இடமளித்தது. சிறுவர் இதழ்களைப் படித்து வளர்ந்து, இருபது வயதை எட்டிய தலைமுறையை அவ்விதழ் நாடியது. அதன் முதல் இதழிலேயே 'மெசோன் இக்கோகு' இடம்பெற்றது. மாத இதழாகத் தொடங்கிய 'ஸ்பிரிட்ஸ்' 1981இல் மாதமிருமுறையாகவும் 1986இல் வார இதழாகவும் மாறியது. 1987 ஏப்ரலில் தொடர் நிறைவுற்றபோது 15 தொகுதிகள் அளவுக்கு வளர்ந்திருந்தது. தொலைக்காட்சி அசைபட வடிவம் 1986 முதல் 1988 வரை 96 பகுதிகளாக ஒளிபரப்பானது.

1957இல் நீகாத்தா நகரில் பிறந்த தகாஹாஷி, மங்கா எழுத்தாளர் கோய்கே கசுவோவின் பயிற்சிக்கூடத்தில் கற்றவர். பாத்திரம் வலுவாக அமைந்துவிட்டால் கதை தானே நகரும் என்பது கோய்கேயின் போதனையின் மையம். 'மெசோன் இக்கோகு' தொடங்கியபோது தகாஹாஷிக்கு வயது 23. ஆண் வாசகருக்கான இதழில் ஒரு பெண், ஒரு கைம்பெண்ணின் மனத்தை மையமாக வைத்து எழுதினார் என்பது கருதத்தக்கது.

2. ஒரே ஆசிரியரின் இருவகைக் காலம்

1980 முதல் 1987 வரை தகாஹாஷி இரண்டு தொடர்களை ஒருங்கே எழுதினார். அவ்விரண்டையும் ஒப்பிடுவது 'மெசோன் இக்கோகு'வின் தனித்தன்மையைத் தெளிவாக்கும்.

'உருசெய் யாத்சுரா'வில் காலம் ஓடுவதில்லை. பருவங்கள் மாறுகின்றன, புத்தாண்டும் கோடை விடுமுறையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனால் மாணவர்கள் மேல்நிலைப் பள்ளியை முடிப்பதேயில்லை. நாயகன் அதாரு காதலை வாய்விட்டுச் சொல்லாமலே தொடர் முடிகிறது. சொல்லாமையே அங்கு இன்பம்.

'மெசோன் இக்கோகு'வில் காலம் வாசகரின் காலத்தோடு ஏறத்தாழ ஒத்து ஓடுகிறது. இதழ் குளிர்காலத்தில் வந்தால் கதையிலும் பனி பெய்கிறது. நாயகன் கொதாய் யூசாக்கு முதலில் நுழைவுத்தேர்வில் தோற்று மறுபடி எழுதக் காத்திருப்பவன். அத்தகையோரை ஜப்பானியர் தலைவனற்ற சாமுராயைக் குறிக்கும் 'ரோனின்' என்னும் சொல்லால் அழைப்பர். பின்னர் அவன் பெயர்பெறாத தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்கிறான், நான்கு ஆண்டுகள் படிக்கிறான், பட்டம் பெறுகிறான், வேலையின்றித் திரிகிறான், இறுதியில் ஒரு தொழிலில் நிலைக்கிறான். அண்டை அறைச் சிறுவன் கெந்தாரோ வளர்கிறான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இத்தொடரைத் தொடங்கிய வாசகர் அதன் முடிவில் இருபத்தைந்தை எட்டியிருப்பார். கொதாயோடு அவருக்கும் வயதேறியது.

இருவகைக் காலங்களும் ஒரே ஆண்டில், 1987இல், முடிவுற்றன. ஒன்று முடிவில்லாத இளமையைக் கொண்டாடியது. மற்றொன்று இளமை முடிவதை ஏற்றது.

3. இடமும் பெயரும்

கதை நிகழும் 'இக்கோகு-கான்' தோக்கியோவின் புறநகர்ப் பகுதி ஒன்றில் உள்ள பழைய மரக் குடியிருப்பு. 'கடிகாரச் சரிவு' என்று பொருள்படும் தோகெய்சாகா என்னும் கற்பனை ஊரில் அது நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு கடிகாரக் கோபுரம் உண்டு, கடிகாரம் ஓடுவதில்லை. 'இக்கோகு' என்பதற்குச் 'சிறுபொழுது' என்பது பொருள். அதே ஒலியில் வழங்கும் சொல்லுக்குப் பிடிவாதம் என்ற பொருளும் உண்டு. நின்றுபோன கடிகாரத்தின் கீழ், கடந்த ஒரு பொழுதை விடாப்பிடியாகப் பற்றியிருக்கும் பெண் காப்பாளராக வந்து சேர்கிறாள். முதல் அத்தியாயத்தில் கொதாய் இக்குடியிருப்பின் கூச்சலைத் தாங்காமல் வெளியேறப் புறப்படுகிறான். புதிய காப்பாளரான ஓதோனாஷி க்யோகோ ஒரு வெள்ளை நாயுடன் வாசலில் வந்து நிற்கிறாள். அவன் வெளியேறுவதில்லை.

பாத்திரப் பெயர்களில் எண்கள் அமைந்துள்ளன. இச்சினோசே என்பதில் ஒன்று, நிக்காய்தோவில் இரண்டு, மிதாகாவில் மூன்று, யோத்சுயாவில் நான்கு, கொதாயில் ஐந்து, ரொப்போங்கியில் ஆறு, நனாவோவில் ஏழு, யாகாமியில் எட்டு, குஜோவில் ஒன்பது என்னும் எழுத்துகள் உள்ளன. குடியிருப்போரின் எண்கள் அவர்களின் அறை எண்களோடு பொருந்துகின்றன. ஓதோனாஷி என்னும் பெயரின் இறுதி எழுத்து 'இல்லை' என்பதைக் குறிப்பது. எண் வரிசையில் அது சுழி. க்யோகோவின் பிறந்த வீட்டுப் பெயரான சிகுசாவில் ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து உள்ளது. இது வேடிக்கைக்காகச் செய்யப்பட்ட அமைப்பே எனினும், இதில் பொருளும் இருக்கிறது. க்யோகோ தாங்கி நிற்கும் பெயர் இறந்தவனுடையது. அவள் அப்பெயரை விடுவாளா, விட்டால் எந்தப் பெயரை ஏற்பாள் என்பது கதையின் வழக்காகவே நடக்கிறது.

4. கைம்மையும் சட்டமும்

இவ்வழக்கின் வரலாற்றுப் பின்னணியை அறியாமல் க்யோகோவின் தயக்கத்தை முழுமையாக உணர இயலாது. 1898ஆம் ஆண்டின் மெய்ஜி காலக் குடிமைச் சட்டம் 'இயெ' எனப்பட்ட குடும்ப அமைப்பை நிறுவியது. மணமான பெண் கணவனின் இல்லத்துக்குள் சேர்க்கப்பட்டாள். அவ்வில்லத்தின் பெயரை ஏற்றாள். கணவன் இறந்த பின்னும் அவள் அந்த இல்லத்தின் உறுப்பினளே. மறுமணத்துக்கு இல்லத் தலைவரின் ஒப்புதல் வேண்டியிருந்தது.

போருக்குப் பின் 1947இல் செய்யப்பட்ட திருத்தம் 'இயெ' அமைப்பை நீக்கியது. புதிய சட்டத்தின் 751ஆம் பிரிவின்படி, துணையை இழந்தவர் தம் பழைய குடும்பப் பெயருக்குத் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். 728ஆம் பிரிவின்படி, துணையின் உறவினரோடு உள்ள உறவை ஓர் அறிவிப்பால் முடித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் அவ்வுறவினரின் சம்மதம் தேவையில்லை. சட்டத்தின் கண்ணில் கைம்பெண் விடுதலை பெற்றவள்.

சட்டம் முடிவைப் பெண்ணிடம் ஒப்படைத்தது. ஆனால் முடிவெடுப்பதன் பாரத்தை அது குறைக்கவில்லை. க்யோகோவின் பெற்றோர் அவள் ஓதோனாஷி பெயரைத் துறந்து பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும், மறுமணம் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகின்றனர். மாமனாரான முதியவர் ஓதோனாஷி அவளைத் தடுப்பவரல்லர். குடியிருப்பின் உரிமையாளரான அவரே அவளுக்குக் காப்பாளர் பணியை அளித்தவர். அவள் இளமை வீணாகாமல் புதுவாழ்வு தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். பழைய நாடகங்களில் கைம்பெண்ணைத் தடுக்கும் கொடிய மாமன் இங்கில்லை. வெளியில் தடுப்பவர் எவருமில்லை. தடை முழுவதும் அவள் உள்ளத்துக்குள் இருக்கிறது. 1947க்குப் பிந்தைய ஜப்பானில் மட்டுமே எழுதக்கூடிய கைம்மைக் கதை இது.

மற்றொரு சட்டக் கூறும் இங்கு நினைக்கத்தக்கது. மகப்பேற்றில் தந்தை யார் என்ற ஐயம் எழாதிருக்க, மணமுறிவுக்குப் பின் பெண் ஆறு மாதம் மறுமணம் செய்யலாகாது என்று 733ஆம் பிரிவு விதித்திருந்தது. 2016இல் இக்காலம் நூறு நாளாகக் குறைக்கப்பட்டது. 2024இல் இவ்விதியே நீக்கப்பட்டது. சட்டம் கேட்டது ஆறு மாதம். க்யோகோவுக்குத் தேவைப்பட்டது ஆறு ஆண்டுகளுக்கும் மேல். சட்டத்தின் கணக்கு உடலைப் பற்றியது. கதையின் கணக்கு உள்ளத்தைப் பற்றியது.

5. முகமற்ற கணவனும் பெயர்கொண்ட நாயும்

க்யோகோ பள்ளி மாணவியாக இருந்தபோது, அங்கே நிலவியல் கற்பித்த சோயிச்சிரோவை நேசித்தாள். பெற்றோர் எதிர்த்தனர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவனை மணந்தாள். அரையாண்டு ஆகுமுன் அவன் இறந்தான். இவ்வளவே வாசகருக்குத் தெரிகிறது. நினைவுக் காட்சிகளில் அவன் முகம் ஒருபோதும் காட்டப்படுவதில்லை. நிழலோ திரும்பிய தலையோ அதை மறைக்கின்றன.

இவ்வுத்தி எளியது, அதன் விளைவு பெரியது. முகம் இருந்தால் கொதாய் அதனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கலாம், வாசகரும் ஒப்பிடலாம். முகமில்லாதவனோடு போட்டியிட முடியாது. இறந்தவன் இனித் தவறு செய்யப்போவதில்லை, மூப்படையப்போவதில்லை, மனைவியோடு சண்டையிடப்போவதில்லை. உயிருள்ள கொதாயோ குடிக்கிறான், உளறுகிறான், வேலையை இழக்கிறான். அவனுடைய போட்டியாளருள் வலியவன் செல்வனான மிதாகா அல்லன். நினைவே வலிய போட்டியாளர்.

இந்நினைவின் கனத்தை ஒரு நாய் தாங்கிக்கொள்கிறது. அதன் முதற்பெயர் 'வெள்ளை' என்று பொருள்படும் ஷிரோ. கணவனை க்யோகோ அழைக்கும் குரலுக்கே அந்நாய் திரும்பிப் பார்த்தது. ஆகவே அவன் இறந்த பின் அவன் பெயராலேயே அதை அழைக்கிறாள். தொடக்கத்தில் இது வேடிக்கையாக அமைகிறது. க்யோகோ 'சோயிச்சிரோ' என்று உருகி அழைக்கும்போது அப்பெயரின் பின்னணி கொதாய்க்குத் தெரியாது. உண்மை தெரிந்தபின் அதே பெயர் ஒவ்வொரு முறையும் துயரத்தின் ஒலியோடு கேட்கிறது. வேடிக்கை நீங்கிவிடுவதில்லை. நாய் கொட்டாவி விடுகிறது, சோற்றுக்கு வாலாட்டுகிறது, தெருவில் ஓடித் தொலைகிறது. சிரிப்பும் துக்கமும் ஒரே பெயரில் தங்கியிருக்கின்றன.

6. தவறிய சந்திப்புகள்

கதை நகரும் முறை முழுவதும் தவறான புரிதலால் ஆனது. ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் கடந்து செல்லும் காதலர் ஜப்பானிய மக்கள் கலையில் புதியவர் அல்லர். கிகுதா கசுவோ எழுதி 1952 முதல் 1954 வரை வானொலியில் ஒலிபரப்பான 'கிமி நோ நா வா' நாடகம் இதனைப் பெரும் பொதுவிருப்பமாக்கியது. அங்குக் காதலரைப் பிரித்தவை போரும் தூரமும். 'மெசோன் இக்கோகு'வில் காதலர் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். ஒருவரையொருவர் நாள்தோறும் காண்கின்றனர். ஆயினும் கடந்து செல்கின்றனர்.

இதற்குக் குடியிருப்பின் அமைப்பே கருவியாகிறது. சுவர்கள் மெல்லியவை. நான்காம் அறையின் யோத்சுயா சுவரை உடைத்துக் கொதாயின் அறைக்குள் நுழைகிறான். முதல் அறையின் திருமதி இச்சினோசே விசிறியாட்டி ஆடுகிறாள். ஆறாம் அறையின் அக்கெமி மதுக்கடையில் பணிபுரிபவள். இம்மூவரும் கொதாயின் அறையையே குடிமண்டபமாக்குகின்றனர். தொலைபேசி அனைவருக்கும் பொதுவானது. ஒருவருக்கு வந்த செய்தியை மற்றொருவர் எடுத்துத் தம் விருப்பப்படி சொல்கிறார். அலர் எழுவதற்கு ஊர் வேண்டாம்; தாழ்வாரமே போதும். தனியறை, தனித் தொலைபேசி, கைப்பேசி என்று வாழ்க்கை மாறிவிட்ட காலத்தில் இவ்வகைத் தவறுகள் நேர இயலா. அவ்வகையில் இப்படைப்பு மறைந்துபோன ஒரு வாழ்முறையின் ஆவணமாகவும் நிற்கிறது.

ஆனால் தவறான புரிதல்கள் வெளிக்காரணத்தால் மட்டும் நிலைப்பதில்லை. கொதாய் தன் தோழி கொசுவேயிடம் உறவை முடித்துக்கொள்ளத் துணிவதில்லை. ஒருவரையும் புண்படுத்த மனமில்லாத அவன் மென்மையே இருவரைப் புண்படுத்துகிறது. க்யோகோ கொசுவேயைக் கண்டு பொறாமை கொள்கிறாள். அப்பொறாமையை ஒப்புக்கொண்டால் காதலை ஒப்புக்கொண்டதாகும். எனவே ஊடுகிறாள், ஊடலுக்குக் காரணம் கேட்டால் இல்லை என்கிறாள். தொடக்கப் பகுதியில் கொதாய் குடித்துவிட்டுத் தெருவே கேட்கத் தன் காதலைக் கூவுகிறான். எல்லோருக்கும் தெரிந்த உண்மை அவள் காதிலும் விழுகிறது. அதன் பின்னும் ஆண்டுகள் கழிகின்றன. செய்தி கிடைக்காததால் அன்று, கிடைத்த செய்தியை ஏற்க இயலாததாலேயே தாமதம் நேர்கிறது. இவ்வகையின் பிற படைப்புகளிலிருந்து இதனை வேறுபடுத்துவது இந்நுட்பமே.

படக்கட்டங்களின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கிறது. கொதாயின் பகற்கனவுகள் திடீரெனப் பக்கத்தை நிரப்பி, ஒரு மின்கம்பத்தில் மோதி உடைகின்றன. க்யோகோவின் உள்ளமோ அவ்வாறு திறந்து காட்டப்படுவதில்லை. குஞ்சுக்கோழிப் படம் போட்ட மேலாடையோடு வாசலைப் பெருக்கும் அவள் கை சற்றே நிற்கிறது. அடுத்த கட்டத்தில் சொல்லில்லை. வாசகர் அந்த நிறுத்தத்திலிருந்தே அவளை அறிய வேண்டும்.

7. மிதாகாவும் கொதாயும்: ஆண்மையின் இரு வடிவங்கள்

டென்னிஸ் பயிற்றுநர் மிதாகா ஷுன் செல்வக் குடும்பத்தவன், அழகன், நாகரிகமானவன், சிரித்தால் பல் மின்னுகிறது. ஏளனத்திற்குரிய போட்டியாளனாக அவனைப் படைத்திருந்தால் கதை எளிதாகியிருக்கும். தகாஹாஷி அவனுக்குப் பொறுமையையும் கண்ணியத்தையும் அளித்தார். நாயைக் கண்டால் நடுங்கும் ஒரு குறையையும் அளித்தார். க்யோகோவின் கணவன் பெயர்கொண்ட நாயையே அவன் கடந்தாக வேண்டும். அச்சத்தை வெல்லத் தானும் ஒரு நாயை வளர்க்கிறான். முடிவில் அந்நாயே அவன் விதியை மாற்றுகிறது. குடும்பத்தார் பார்த்த பெண்ணான குஜோ அசுனா கருவுற்றிருப்பதாக அவன் எண்ணிப் பொறுப்பேற்க முன்வருகிறான். கருவுற்றது அவளுடைய நாய். கேலிக்கூத்தாகத் தொடங்கும் இந்நிகழ்ச்சி, சொன்ன சொல்லைக் காக்கும் ஒருவனின் மணத்தில் முடிகிறது.

கொதாயின் வாழ்வு இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. படிப்பு முடியும் வேளையில் அவனை ஏற்றிருந்த நிறுவனம் திவாலாகிறது. நிலையான நிறுவன வேலையே ஆணின் தகுதியாகக் கருதப்பட்ட சமூகத்தில் அவன் தோற்றவன். பல்கலைக்கழகத்தில் பொம்மலாட்டக் குழுவில் இருந்தவன் என்பதால் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் தற்காலிகப் பணி கிடைக்கிறது. ஆட்குறைப்பில் அதையும் இழக்கிறான். பின் இரவுக் கேளிக்கை விடுதி ஒன்றில் பணிபுரிந்து, அங்கு வேலைசெய்யும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறான். அங்கேதான் தன் தொழில் எதுவென உணர்கிறான். குழந்தைக் காப்பாளர் தகுதித் தேர்வை எழுதி, இறுதியில் தேர்ச்சி பெறுகிறான்.

இத்தொழில் தேர்வு வரலாற்று நோக்கில் முதன்மையானது. அப்பணியின் சட்டப்பெயர் அன்று 'ஹொபோ'. அதில் தாய் என்னும் எழுத்தே அமைந்திருந்தது. ஆண்கள் அத்தகுதியைப் பெற வழி 1977இல்தான் திறந்தது. பாலினம் சுட்டாத 'ஹொய்குஷி' என்னும் பெயர் 1999இல் நடைமுறைக்கு வந்தது. வேலைவாய்ப்பில் ஆண், பெண் சமத்துவச் சட்டம் 1985இல் இயற்றப்பட்டு 1986இல் அமலானது. பெண்களை நிறுவனங்களுக்குள் கொண்டுவருவது பற்றிப் பேச்சு நடந்த அவ்வாண்டுகளில், ஓர் ஆண் நிறுவன உலகிலிருந்து விலகிக் குழந்தைகளிடம் செல்வதைத் தகாஹாஷி வரைந்தார். பொருளாதாரக் குமிழி வீங்கத் தொடங்கியிருந்த வேளையில் நாயகன் பெற்ற வெற்றி ஒரு சிறு காப்பகத்தின் பணியிடமே.

8. மறவாமல் ஏற்றல்

கதையின் இறுதிப் பகுதி, தொடக்கத்தில் வைத்த வினாவுக்கு விடை தேடுகிறது. கொதாயும் அக்கெமியும் ஒரு விடுதியிலிருந்து வெளிவருவதைக் கொசுவே காண்கிறாள். கட்டணம் செலுத்தப் பணமில்லாமல் அக்கெமி அவனை உதவிக்கு அழைத்திருந்தாள் என்பதே உண்மை. செய்தி க்யோகோவை எட்டுகிறது. அவள் இக்கோகு-கானை விட்டே போய்விடுகிறாள். அவளைத் தேடிச் சென்று கடிந்து பேசுபவள் அக்கெமி. ஏழு ஆண்டுகளாக அரை மயக்கத்தில் கேலி பேசித் திரிந்தவள், க்யோகோ தன் உள்ளத்தைத் தானே ஏமாற்றுவதை நேருக்கு நேர் சொல்கிறாள். நகைச்சுவைத் துணைப்பாத்திரம் என எண்ணப்பட்டவர் வாயிலிருந்து உண்மை வருவதால் அதன் தாக்கம் கூடுகிறது.

பிணக்குத் தீர்ந்த பின்னரும் இறந்தவன் நினைவு இருவருக்குமிடையே நிற்கிறது. இருவரும் நெருங்கும் முதல் வாய்ப்பு, கொதாயின் மனத்தில் சோயிச்சிரோவின் பெயர் எழுவதால் கைகூடாமல் போகிறது. அதுவரை க்யோகோவின் சுமையாக இருந்தது இப்போது அவனுடையதும் ஆகிறது. அவன் மணத்தைக் கேட்கும்போது அவள் விதிக்கும் நிபந்தனை ஒன்றே: தன்னைவிட ஒரு நாளேனும் கூடுதலாக அவன் உயிர்வாழ வேண்டும். இன்னொரு முறை தனியே எஞ்சி நிற்க அவளால் இயலாது. நகைச்சுவைத் தொடர் ஒன்றில் காதலுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளில் இதைவிட எளியதும் கனமானதும் அரிது.

மணத்துக்கு முன் க்யோகோ கணவனின் நினைவுப் பொருள்களை மாமனாரிடம் திருப்பித்தர முனைகிறாள். கொதாய் சோயிச்சிரோவின் கல்லறைக்குத் தனியே செல்கிறான். தான் சந்தித்த நாள் முதல் க்யோகோவின் உள்ளத்தில் அவன் இருந்ததையும், அவனையும் சேர்த்தே அவளை ஏற்பதையும் இறந்தவனிடம் கூறுகிறான். அவன் அறியாமல் க்யோகோ அதைக் கேட்டு நிற்கிறாள். போட்டியாளனை வெல்வதன் மூலம் இக்கதை முடியவில்லை; போட்டி என்ற எண்ணத்தையே கைவிடுவதால் முடிகிறது. மறந்தால்தான் மீண்டும் வாழலாம் என்று அவள் அஞ்சியிருந்தாள். மறக்காமலே வாழலாம் என்பது அவனது விடை.

இம்முடிவைக் குறைகாண்பதற்கும் இடமுண்டு. நாயகி மணத்திலும் தாய்மையிலும் நிறைவடைவது மரபுவழிப்பட்ட முடிவே. யோத்சுயாவின் ஒளிந்துபார்க்கும் வழக்கம் வேடிக்கையாகவே கடந்துவிடுவது இன்றைய வாசகருக்கு உறுத்தும். பயிற்சி ஆசிரியனாக வந்த கொதாயைப் பள்ளி மாணவி யாகாமி துரத்தும் பகுதி நீண்டு செல்கிறது. எனினும் அப்பகுதி க்யோகோவின் பள்ளிப்பருவக் காதலை அவளுக்கே எதிரொளிப்பாகக் காட்டுகிறது. அதே பள்ளி, அதே வயது, அதே பிடிவாதம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: மணத்துக்குப் பின் இணையர் இக்கோகு-கானை விட்டுச் செல்வதில்லை. பிறந்த மகள் ஹருகாவோடு அங்கேயே திரும்புகின்றனர். தானும் கொதாயும் முதன்முதல் சந்தித்த வீடு என்று க்யோகோ குழந்தைக்கு அதைக் காட்டுகிறாள். மாமனார் கொடுத்த வீடு, இறந்தவன் பெயரைச் சுமக்கும் நாய், பழைய குடிகாரர்கள் ஆகிய அனைத்தும் புதிய இல்லறத்துக்குள் இடம்பெறுகின்றன.

முடிவுரை

'மெசோன் இக்கோகு' காதல் நகைச்சுவையின் எந்த மரபையும் உடைக்கவில்லை. மரபின் மையமான தாமதத்துக்கு ஒரு காரணத்தை அளித்தது. சட்டம் கைம்பெண்ணுக்கு விடுதலை அளித்த பின்னும் உள்ளம் அவ்விடுதலையை ஏற்கக் காலம் பிடிக்கும் என்பதை, வாசகரின் காலத்தோடு இணைந்தோடும் ஏழாண்டுத் தொடராக அது காட்டியது. முகமற்ற கணவன், பெயர்மாறிய நாய், எண்களைச் சுமக்கும் பெயர்கள், மெல்லிய சுவர்கள் ஆகிய உத்திகள் யாவும் இம்மையத்தைச் சுற்றியே அமைந்தன. நிறுவன வேலையையும் குடும்பப் பெயரையும் மனிதனின் அளவுகோல்களாகக் கொண்டிருந்த சமூகத்தில், குழந்தைகளைப் பேணும் ஆணையும் இறந்தவனை மறவாமல் மறுமணம் புரியும் பெண்ணையும் அது இயல்பானவர்களாக முன்வைத்தது.

2019இல் பிரான்சின் அங்குலேம் படக்கதை விழா தகாஹாஷிக்குத் தன் உயரிய பரிசை அளித்தது. அவர் படைப்புகளுள் அளவிற் பெரியவை வேறு உள. துக்கத்துக்குரிய காலத்தைக் குறைக்காமலும் சிரிப்பைக் கைவிடாமலும் நடத்திக் காட்டியது என்ற வகையில் 'மெசோன் இக்கோகு' அவற்றுள் தனித்து நிற்கிறது. மங்காவை வெறும் பொழுதுபோக்காகக் கருதி ஒதுக்கும் ஆய்வுப் போக்கு, ஒரு சமூகம் தன் இழப்பை எவ்வாறு நடத்திச் சென்றது என்பதற்கான சான்றுகளையும் உடன் ஒதுக்கிவிடுகிறது.